வில்லங்கம் பத்திரத்தில் மட்டும்தான் இருக்குமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் கட்டடத்தையும் பாருங்கள்

வீடு வாங்கப் போகிற யாரிடமாவது, "எல்லாம் செக் பண்ணியாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "முப்பது வருஷத்துக்கு இ.சி. போட்டாச்சு, வக்கீல் ஒப்பீனியன் வந்தாச்சு, பேங்க்ல லோனும் சாங்ஷன் ஆயிடுச்சு" என்பார்கள். இன்னும் கொஞ்சம் கவனமானவர் என்றால் தாய்ப்பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது, இ.பி. ரசீது என்று ஒரு ஃபைலையே எடுத்து நீட்டுவார். எல்லாமே காகிதம். அந்தக் காகிதத்தில் இருக்கிற சுவரையும் தூணையும் மொட்டை மாடியையும் விஷயம் தெரிந்த ஒருவர் தட்டிப் பார்த்தாரா என்று கேட்டால், "மச்சான் கூட வந்தான், அவன் கான்ட்ராக்ட் எடுக்கிறவன்தான், நல்லா இருக்குன்னு சொன்னான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வாஸ்து பார்ப்பவர் தனியாக வந்துபோயிருப்பார். அவருக்காக வீட்டுக்காரர் பூட்டிக் கிடக்கும் அறையைக்கூடத் திறந்து காட்டுவார். அவர் ஈசான மூலையில் டேப் வைத்து அளப்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. அதே வீட்டுக்கு ஓர் இன்ஜினியரைக் கூட்டிப் போனால் மட்டும், "என்ன சார், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கிறார்கள்.

பத்திரத்துக்கு வக்கீல் எவ்வளவு அவசியமோ கட்டடத்துக்கு இன்ஜினியர் அவ்வளவு அவசியம். அதுவும் டோக்கன் அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பே. நம் ஊரில் இது இன்னும் பழக்கமாகவில்லை என்பதற்கு இரண்டு தப்பான நம்பிக்கைகள்தான் காரணம் என்று தோன்றுகிறது. ஒன்று, பேங்க் பார்த்துவிட்டது என்பது. இன்னொன்று, குறை இருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் போடலாம் என்பது.

பேங்க் ஆள் வந்து பார்த்தாரே?

வந்தார். அளந்தார். நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். ஆனால் அவர் யாருக்காக வந்தார்? பேங்க் அனுப்பும் வேல்யூவருக்கான கட்டணம் பிராசசிங் செலவில் சேர்ந்து உங்கள் தலையில்தான் விழும். ஆனாலும் அவர் அறிக்கை கொடுப்பது பேங்குக்கு. நாளைக்கு நீங்கள் இ.எம்.ஐ. கட்டாமல் போனால், இந்தச் சொத்தை ஏலம் விட்டுக் கடனை மீட்க முடியுமா என்பதுதான் பேங்கின் கேள்வி. சென்னை போன்ற ஊரில் மனையின் விலையே கடனைத் தாங்கிவிடும். பாத்ரூம் தளம் ஒழுகுகிறதா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பது அந்தக் கணக்கில் பெரிய இடம் பிடிக்காது. வேல்யூவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் செய்ய வேண்டிய வேலை வேறு.

வெளிநாடுகளில் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் கடன் கொடுப்பவருக்கான மதிப்பீடு ஒன்று. வாங்குபவர் தன் செலவில் வைத்துக்கொள்ளும் 'சர்வே' இன்னொன்று. அமெரிக்காவில் ஹோம் இன்ஸ்பெக்டர் என்பது தனித் தொழில். பல மாநிலங்களில் அதற்கு லைசென்ஸ் வேண்டும். ஆய்வில் பெரிய குறை தெரிந்தால் ஒப்பந்தத்தில் இருந்து விலகிக்கொள்ளலாம் என்று நிபந்தனை போட்டுத்தான் பலரும் வீடு வாங்குகிறார்கள். அங்கே வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் அந்த ஊரில் இன்ஸ்பெக்ஷன் இல்லாமல் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். தாம்பரத்தில் அப்பா அம்மாவுக்கு ஃப்ளாட் வாங்கும்போது வாட்ஸ்அப் வீடியோவைப் பார்த்தே அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 55-வது பிரிவு, சொத்தில் இருக்கும் முக்கியமான குறையை விற்பவர் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது. இதைப் படித்தவுடன் நிம்மதியாகிவிடக் கூடாது. அந்தக் குறை விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. வாங்குபவர் சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக அது இருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினால்தான் சொல்ல வேண்டிய கடமையே வருகிறது. அதாவது மாடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்கிற குறைக்கு, நாளைக்கு நீங்கள் கோர்ட்டுக்குப் போனால், "ஏன் பார்க்கவில்லை?" என்ற கேள்வி உங்களை நோக்கித்தான் வரும். "எனக்கே தெரியாது சார், நான் வாடகைக்கு விட்டிருந்தேன்" என்று விற்பவர் சொன்னால் அதை உடைப்பதும் லேசு இல்லை.

புது வீடு என்றால் நிலைமை கொஞ்சம் தேவலை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளில் இருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் சொன்னால், பில்டர் 30 நாட்களுக்குள் கட்டணம் இல்லாமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் வரும் திட்டங்களும், 8 வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களும் ரெராவில் பதிவு செய்யத் தேவையில்லை. நம் தெருக்களில் பழைய தனி வீட்டை இடித்துவிட்டு எழும் நாலு ஃப்ளாட், ஆறு ஃப்ளாட் கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். மறுவிற்பனை வீட்டை விற்கும் தனிநபருக்கோ இந்த ஐந்தாண்டுப் பொறுப்பு கிடையவே கிடையாது.

பார்க்கத் தெரிந்தவர் எதைப் பார்ப்பார்?

புது பெயின்ட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவார். முழு வீட்டுக்கும் பெயின்ட் அடித்திருந்தால் சரி. ஒரு சுவருக்கு மட்டும், அல்லது பாத்ரூமை ஒட்டிய படுக்கையறையின் கீழ்ப்பாதிக்கு மட்டும் அடித்திருந்தால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். ஓதம் ஏறிய சுவர் பெயின்ட் அடித்த சில வாரங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். ஈரம் எவ்வளவு என்று சொல்ல இன்ஜினியரிடம் கையடக்க மீட்டர் இருக்கிறது. சுவரில் வைத்தால் பெயின்ட்டைத் தாண்டி உள்ளே இருப்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வீடு பாருங்கள். சித்திரையில் எல்லா வீடும் காய்ந்துதான் கிடக்கும்.

அடுத்தது கம்பி. நம் கடற்கரை ஊர்களில் கட்டடத்தைத் தின்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காப்பாற்றுவது அந்தக் காங்கிரீட்டின் காரத்தன்மை. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கில் உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் குறைந்துகொண்டே வரும். கடல் காற்றோ, கட்டும்போது கலந்த உப்புத் தண்ணீரோ கொண்டுவரும் குளோரைடு இன்னும் வேகமாக வேலையைக் காட்டும். கம்பி துருப்பிடித்தால் இளைக்கும், ஆனால் அந்தத் துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் மேலே இருக்கும் காங்கிரீட்டை வெடிக்க வைக்கும். முதலில் கம்பி போகும் வழியிலேயே மெல்லிய கோடு, பிறகு பழுப்புக் கறை, பிறகு ஒருநாள் சன்ஷேடின் அடிப்பாகம் பெயர்ந்து விழும். அதுவரை காத்திருக்காமல் சுத்தியலால் தட்டினாலே 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்கும். சந்தேகம் வந்தால் சோதனைகள் இருக்கின்றன. காங்கிரீட்டின் புதிதாக உடைத்த பரப்பில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் மிச்சமிருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும், செத்துப்போன இடம் நிறம் மாறாது. பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி லேப்பில் நாம் எல்லோரும் பார்த்ததுதான். ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனை, துரு பிடிப்பதற்கான வாய்ப்பைச் சொல்லும் ஹாஃப் செல் சோதனை என்று மேலும் உண்டு. எல்லா வீட்டுக்கும் இவ்வளவும் தேவைப்படாது. எதற்குத் தேவை என்று சொல்வதற்குத்தான் இன்ஜினியர்.

'புதுக் கட்டடம்தானே, அதுக்குள்ள என்ன துரு?' என்று நினைக்கலாம். ஹரியாணா மாநிலம் குருகிராமில் 2022 பிப்ரவரி 10 அன்று ஓர் அடுக்குமாடிக் கோபுரத்தில் ஆறு தளங்களின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். கட்டி முடித்துப் பல பத்தாண்டுகள் ஆன கட்டடம் அல்ல அது. ஆய்வு செய்த டெல்லி ஐ.ஐ.டி., காங்கிரீட்டில் குளோரைடு கலந்திருந்ததையும் அந்தக் கட்டடம் குடியிருக்கத் தகுதியற்றது என்பதையும் சொன்னது. அங்கே வீடு வாங்கிய எல்லோரிடமும் பத்திரம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

நம் ஊரிலும் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் சரிந்த 11 மாடிக் கட்டடம் 61 உயிர்களைக் கொண்டுபோனது. கட்டி முடிப்பதற்கு முன்பே சரிந்ததால்தான் குடும்பங்கள் தப்பின. செத்தவர்கள் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று தரைமட்டமானபோது யாரும் இறக்கவில்லை. விரிசலைப் பார்த்துப் பயந்துபோன மக்கள் முன்கூட்டியே வெளியேறியதுதான் காரணம்.

விரிசல் என்றவுடன் பயந்து நல்ல வீட்டை விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். பூச்சில் சிலந்தி வலை மாதிரி ஓடும் மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் சிமென்ட் காய்ந்ததால் வருபவை. பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வருவதும் பல வீடுகளில் உண்டு, கம்பி வலை வைத்துப் பூசினால் சரியாகிவிடும். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக, படிக்கட்டு மாதிரி இறங்கும் விரிசல் வேறு ஜாதி. அது அஸ்திவாரம் இறங்குகிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். களிமண் பூமியிலும், கோவைப் பக்கத்துக் கரிசல் மண்ணிலும் மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். அதற்கேற்ற அஸ்திவாரம் போடாத வீடு அதோடு சேர்ந்து ஆடும். தூணிலோ பீமிலோ விரிசல் என்றால் அதற்கு மேல் மச்சானின் கருத்து போதாது.

ஃப்ளாட் வாங்குபவர்கள் செய்கிற பெரிய தப்பு, தங்கள் ஃப்ளாட்டை மட்டும் பார்ப்பது. இரண்டாம் மாடியில் உங்கள் 900 சதுர அடி பளபளவென்று இருக்கலாம். அதைத் தாங்கும் தூண்கள் கீழே கார் நிறுத்தும் இடத்தில் நிற்கின்றன. அந்தத் தூண்களின் அடிப்பாகம், சம்ப்பின் உள் சுவர், லிஃப்ட் குழி, மொட்டை மாடித் தட்டோடு, ஓவர்ஹெட் டேங்கின் அடித்தளம் ஆகிய இடங்களில்தான் கட்டடத்தின் வயசு தெரியும். மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வாங்கிப் போய்ப் பாருங்கள். உங்களுக்கு மேல் வீட்டுக்காரரின் பாத்ரூம் உங்கள் பாத்ரூமுக்கு நேர் மேலே இருக்கிறது. அதன் தளத்தைப் பள்ளமாக விட்டு, குழாய்களைப் பதித்து, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள். அங்கே கசிந்தால் சொட்டுவது உங்கள் தலையில். சரிசெய்ய உடைக்க வேண்டியது அவர் வீட்டு டைல்ஸை. அவர் சம்மதிக்காவிட்டால் நீங்கள் வாங்கியது வீட்டோடு சேர்த்து ஒரு தீராத சண்டையையும்தான். கடைசி மாடி ஃப்ளாட் என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மொட்டை மாடியே உங்கள் கூரை.

அசோசியேஷனில் நாலு வார்த்தை பேசுவதும் ஆய்வில் சேர்த்திதான். பெரிய ரிப்பேருக்குப் பணம் வசூலிக்கத் தீர்மானம் போட்டிருக்கிறார்களா? இடித்துக் கட்டும் பேச்சு ஓடுகிறதா? 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடி வீடுகள் உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்கு வழி உண்டு. முப்பது வருஷக் கட்டடத்தில் இருபது வருஷ லோன் போடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

வயரிங், எர்த்திங், தண்ணீர் உப்பா நல்லதா, பாதாள சாக்கடை இணைப்பு இருக்கிறதா செப்டிக் டேங்கா, 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதெல்லாம் வாங்குபவர்கள் ஓரளவு கேட்டுவிடுகிறார்கள். வெள்ளத்தைப் பற்றி மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள். இன்னொன்று: அனுமதி பெற்ற வரைபடத்தையும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. பால்கனியை மூடி அறை ஆக்கியிருப்பார்கள், ஹாலைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்திருப்பார்கள். சட்டப்படி மட்டுமல்ல, கட்டமைப்புப்படியும் அது சரியா என்று வக்கீலால் சொல்ல முடியாது.

யாரைக் கூப்பிடுவது?

இங்கேதான் சிக்கல். நம் நாட்டில் ஹோம் இன்ஸ்பெக்டர் என்று தனியாக லைசென்ஸ் எதுவும் இல்லை. அந்தப் பெயரில் இப்போது பெரிய ஊர்களில் நிறுவனங்கள் வந்திருக்கின்றன. ஆப்பில் புக் செய்தால் வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமராவோடு வந்து, நூறு பக்கத்துக்குக் கலர் ரிப்போர்ட் கொடுக்கிறார்கள். டைல்ஸ் கீறல், கதவு உரசல் எல்லாம் அதில் இருக்கும். புது ஃப்ளாட்டை பில்டரிடம் இருந்து ஒப்படைப்பு வாங்கும்போது அந்தப் பட்டியல் ரொம்பவே உபயோகம். ஆனால் இருபது வருஷப் பழைய வீட்டுக்கு எனக்கு வேண்டியது நூறு பக்கம் அல்ல. "இந்தத் தூணுக்கு இன்னும் சோதனை வேண்டும், இந்தச் செலவு வரும், இது பயப்பட வேண்டியதில்லை" என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லும் அனுபவமுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் நாலு பக்கம் போதும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-இன்படி கட்டமைப்புப் பொறியாளர்கள் பதிவு செய்துகொள்ளும் முறை இருக்கிறது. அப்படிப் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். புரோக்கர் சிபாரிசு செய்பவரும் விற்பவரின் நண்பரும் வேண்டாம். அவர் கூலி நீங்கள் வீட்டை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவரே ரிப்பேர் கான்ட்ராக்ட்டையும் எடுப்பவர் என்றால் அதுவும் வேண்டாம்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பதிவு முறை ஏற்கெனவே இருப்பதால், மறுவிற்பனை வீட்டை ஆய்வு செய்வதற்கு ஒரு குறைந்தபட்ச அறிக்கை வடிவத்தை வகுத்துக் கொடுப்பது பெரிய காரியம் அல்ல. எதைப் பார்த்தேன், எதைப் பார்க்க முடியவில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று வந்துவிட்டால் வாய்வார்த்தை ஆய்வுகள் தானாகக் குறையும்.

ஆய்வுக்கும் எல்லை உண்டு. கண்ணால் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் அஸ்திவாரத்துக்குள் புகாது. மூடிய அலமாரிக்குப் பின்னால் இருப்பது தெரியாது. கியாரண்டி கார்டு என்று அதை நினைக்கக் கூடாது.

செலவு எவ்வளவு ஆகும்?

கணக்கைப் பாருங்கள். 60 லட்சம் ரூபாய்க்கு மறுவிற்பனை வீடு வாங்கினால் முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2% என்று 5 லட்சத்து 40 ஆயிரம் போகும். புரோக்கருக்கு ஒரு சதவீதம் என்றாலே 60 ஆயிரம். 45 லட்சம் கடனுக்கு 8.5% வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதம் 39 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். ஓர் இன்ஜினியர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்கும் செலவு பெரும்பாலும் அந்த ஒரு மாத இ.எம்.ஐ.யைத் தாண்டாது. சோதனைகள் செய்தால் கூடும். புரோக்கருக்குக் கொடுக்கும்போது வராத வலி இதில் மட்டும் ஏன் வருகிறது என்று புரியவில்லை.

பணத்தைவிடப் பெரிய தடை அவசரம்தான். "இன்னிக்கே அட்வான்ஸ் போடுங்க, சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க" என்பது எல்லா ஊர் புரோக்கரும் சொல்வது. சில நேரம் அது நிஜமாகவும் இருக்கும். அப்போதும் ஒரு வழி உண்டு. டோக்கனைச் சிறிய தொகையாகக் கொடுங்கள். அதை ரொக்கமாக இல்லாமல் வங்கி மூலம் கொடுத்து, "15 நாட்களுக்குள் நான் நியமிக்கும் பொறியாளர் ஆய்வு செய்ய அனுமதி உண்டு, கட்டமைப்புக் குறை இருப்பதாக எழுத்துபூர்வமாகச் சொன்னால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கிரய ஒப்பந்தம் போடும்போது வக்கீலிடம் சொன்னால் இதை ஒரு ஷரத்தாகச் சேர்த்துவிடுவார்.

ஆய்வில் குறை வந்தால் வீட்டை விட்டுவிட வேண்டும் என்றும் இல்லை. மாடித் தளத்தை மறுபடி போட வேண்டும், ரெண்டு பீமுக்கு ரிப்பேர் வேண்டும் என்று தொகையோடு எழுதியிருந்தால், அதை மேஜையில் வைத்து விலை பேசலாம். "கொஞ்சம் பார்த்துக் குறைங்க சார்" என்று கெஞ்சுவதைவிட அது எடுபடும். விற்பவரே ரிப்பேர் செய்து தருகிறேன் என்றால், அது முடிந்து இன்ஜினியர் மறுபடி பார்த்த பிறகுதான் பதிவு என்று தேதியை வையுங்கள். இன்ஜினியரை உள்ளே விடவே மாட்டேன் என்று சொல்கிற விற்பனையாளர் இருந்தால், அவரிடம் மேற்கொண்டு விலை பேச வேண்டாம். பக்கத்துத் தெருவில் இன்னொரு வீடு விற்பனைக்கு இருக்கும்.